பக்கவாதத்துக்குப் பின் அசைவு மீளுதலும் மூளையின் நெகிழ்திறனும்

பக்கவாதத்தில் விழுந்துபோன கையோ காலோ மீண்டும் அசையத் தொடங்கும்போது, இறந்த நரம்பணுக்கள் எதுவும் உயிர்பெறுவதில்லை. சேதத்துக்குத் தப்பிய பகுதிகள் தங்களுக்குள் இணைப்புகளை மாற்றிக்கொண்டு அந்த வேலையை ஏற்கின்றன. மூளையின் இந்த இயல்பை நெகிழ்திறன் என்கிறோம். மலேசியாவின் கூலிம் நகருக்குப் போகும் பெரிய சாலை அடைபட்டால் வண்டிகள் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்புவதைப் போன்றது இது. நேரம் பிடிக்கும், குலுங்கும், ஆனாலும் போய்ச் சேரலாம்.

மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே பாடாங் செராயில் ஒருவருக்கு வாய் கோணி, கை தொங்கி, பேச்சுக் குழறினால், எண்ணெய் தேய்த்து உருவிப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 999ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிழைத்த மூளை எவ்வளவோ அவ்வளவுதான் பின்னால் வரும் நெகிழ்திறனுக்கு முதல். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பக்கவாதத்தை இழுத்துவரும் முக்கியக் காரணங்களில் நீரிழிவும் ஒன்று என்பதால், நம் குடும்பங்கள் இந்த எண்ணைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

வளர்ந்த மனிதனின் மூளை மாறாது என்பதே நெடுங்காலம் மருத்துவத்தின் பொதுக் கருத்தாக இருந்தது. அதை அசைத்தவற்றுள் முதன்மையானது, அமெரிக்காவின் சில்வர் ஸ்பிரிங்கில் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் நடத்திய ஆய்வு. கையிலிருந்து உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளை வெட்டியதும் குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்துவதையே நிறுத்தின. நல்ல கையைக் கட்டிப்போட்டபோதோ உணர்வற்ற கையாலேயே வேலை செய்தன. கை முற்றிலும் செயலற்றுப் போய்விடவில்லை, பயன்படுத்தாமல் இருக்கக் குரங்கு பழகிவிட்டது என்று டாப் விளக்கினார். விலங்குவதைப் புகாரால் 1981இல் அந்த ஆய்வுக்கூடம் சோதனையிடப்பட்டது. அந்தக் குரங்குகள் பட்ட வேதனையை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. 1991இல் டிமதி போன்ஸ் குழுவினர் அதே குரங்குகளின் மூளையை ஆராய்ந்தபோது, கைக்குரிய பகுதி இப்போது முகத்தைத் தொட்டால் விழித்துக்கொள்வதைக் கண்டனர்.

இங்கேதான் ஒரு தமிழர் வருகிறார். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பணியாற்றிவந்தார். குரங்கில் நடந்தது மனிதரிலும் நடக்குமானால் கையை இழந்தவரின் முகத்தில் அது தெரிய வேண்டும் என்று கருதி, அப்படிப்பட்ட ஓர் இளைஞரின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டார். இல்லாத கையின் விரலைத் தொடுவதுபோல் இருக்கிறது என்றார் அந்த இளைஞர். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. துண்டிக்கப்பட்ட கையில் தோன்றும் வலியைத் தணிக்க அவர் உருவாக்கிய கண்ணாடிப் பெட்டியும் அப்படித்தான்.

1999இல் எரிக் ஆல்ட்சூலரும் ராமச்சந்திரனும் உள்ளிட்ட குழு, பக்கவாதம் வந்து ஆறு மாதங்களுக்கு மேலான ஒன்பது பேரிடம் கண்ணாடியைச் சோதித்துப் பார்த்தது. நோயாளி மேசைமுன் உட்காருவார். நிலைக்கண்ணாடி ஒன்று நெஞ்சுக்கு நேரே நெடுக்காக நிற்கும். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க, நல்ல கையை விரித்து மூடிக்கொண்டே அவர் கண்ணாடியைப் பார்ப்பார். விழுந்த கையே விரிந்து மூடுவதாகக் கண் மூளைக்குச் சொல்லும். அதே நேரத்தில் அந்தக் கையையும் அசைக்க முயல வேண்டும். 2018இல் வெளியான காக்ரேன் அமைப்பின் மீளாய்வு, 1,982 பேர் பங்கேற்ற 62 ஆய்வுகளைத் தொகுத்து, இம்முறையால் அசைவில் ஓரளவு முன்னேற்றம் கிடைக்கிறது என்று முடிவு செய்தது. பிற பயிற்சிகளோடு சேர்த்துச் செய்யத்தக்கது இது, அவற்றுக்கு மாற்றாகாது.

டாப்பின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த கட்டாயப் பயிற்சி முறையில் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் பலவீனமான கையையே பயன்படுத்தச் செய்கிறார்கள். 222 பேரிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இது ஏற்றது.

எத்தனை முறை செய்கிறோம் என்பது பெரிய விஷயம். விலங்குகளின் மூளையில் மாற்றம் காணப்பட்ட சோதனைகளில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை அசைவு நடந்தது. வட அமெரிக்கச் சிகிச்சை மையங்களைக் கவனித்த 2009ஆம் ஆண்டின் ஆய்விலோ, ஒரு சிகிச்சை வேளையில் கைக்குக் கிடைத்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32தான். ஆர்வமில்லாத அசைவும் போதாது. தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிய கைக்குப் பட்டையின் ஆழம் தெரியும். கொஞ்சம் அழுத்தினால் மரத்தில் காயம், கொஞ்சம் குறைந்தால் பால் வராது. அப்படிப்பட்ட கைக்கு ரப்பர் பந்தை அமுக்கக் கொடுப்பதைவிட, பால் சேரும் மங்குக் கிண்ணத்தைத் தூக்கிக் கவிழ்த்து மீண்டும் அதன் இடத்தில் வைக்கச் சொல்வது பொருத்தமான பயிற்சி. தெரிந்த வேலை, கண்ணெதிரே தெரியும் பலன், படிப்படியாகக் கூடும் கடினம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன.

காலமும் முக்கியம். மிக அவசரமும் தீங்கு செய்யும். 2,104 பேர் பங்கேற்று 2015இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்கவைக்கப்பட்டோரின் நிலை மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியது. 2021இல் டிரோமெரிக் குழுவினர் 72 பேரிடம் 20 மணி நேரக் கூடுதல் பயிற்சியைச் சோதித்தபோது, இரண்டு மூன்று மாதங்களில் தொடங்கியவர்களின் கைக்கே அதிகப் பலன் கிடைத்தது. பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் நோயாளி வீட்டுக்கு வந்துவிட்டிருப்பார்.

வீட்டில் என்ன நடக்கிறது? முன்பு தோட்டத்து லயங்களில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். இன்று பிள்ளைகள் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போய்விட, அப்பா பகலெல்லாம் தனியே இருப்பது அரிதல்ல. மாலையில் வருகிறவர்கள் பாசத்தால் சோற்றை ஊட்டிவிடுகிறார்கள், சட்டையை மாட்டிவிடுகிறார்கள். அவர் தாமே செய்ய முயலும் வாய்ப்புகள் இப்படித்தான் பறிபோகின்றன. அவரைத் தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவித் தீராத வலி வரலாம். இடுப்பையும் முதுகையும் தாங்கியே எழுப்ப வேண்டும்.

ஆனால் முழுப் பொறுப்பையும் குடும்பத்தின் தலையில் சுமத்துவதும் சரியல்ல. லூதியானாவின் ஜெயராஜ் துரை பாண்டியன் உள்ளிட்டோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து வீட்டிலேயே மறுவாழ்வு அளித்த பிரிவிலும், வழக்கமான கவனிப்புப் பெற்ற பிரிவிலும், ஆறு மாதத்தில் இறந்தோரும் பிறரைச் சார்ந்திருந்தோரும் ஒரே அளவாக 47 விழுக்காட்டினர். அன்பு மட்டும் போதாது, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் தொடர்ந்து வர வேண்டும் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். சிறு ஊர்களுக்கு இயன்முறை மருத்துவர்களை அனுப்புவது அரசின் கடமை.

எவ்வளவு பயிற்சி இருந்தாலும், மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை அடியோடு அழிந்தவர்களுக்கு விரல்களின் நுண்ணிய அசைவு திரும்புவது கடினம். அவர்கள் முயலவில்லை என்று பழிப்பது கொடுமை. ஒற்றைக் கையால் சட்டை மாட்டப் பழகுவது, கணுக்காலுக்குத் தாங்கி போடுவது, குளியலறைச் சுவரில் கைப்பிடி பதிப்பது எல்லாம் மறுவாழ்வில் சேர்ந்தவைதாம்.