கில்லெஸ்பி, ராபர்ட் ரோலோ (1766–1814)

வேலூர்ப் புரட்சியை ஒடுக்கிய ஐரிஷ் குதிரைப்படைத் தளபதி. அயர்லாந்தின் டவுன் மாவட்டத்திலுள்ள காம்பரில் 1766 ஜனவரி 21-இல் பிறந்தார். 1783-இல் படையில் சேர்ந்து மேற்கிந்தியத் தீவுகளில் போரிட்டார். பின்னர் வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத் வழியாக இந்தியா வந்து, ஆர்க்காட்டிலிருந்த 19-ஆம் இலகு குதிரைப்படைக்குத் தலைமையேற்றார்.

வேலூர்: திருவண்ணாமலைக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவிலுள்ள வேலூர்க் கோட்டையில்தான் மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் சேர்ந்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கிழக்கிந்தியக் கும்பினிப் படைத் தலைமை கட்டளையிட்டது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. புரட்சிக்கு இந்த அவமதிப்பே மூலகாரணம். இளவரசர்களின் சதி என்பது பழியைத் திசைதிருப்பச் சொன்னது.

1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. காலையில் செய்தி கிடைத்ததும் கில்லெஸ்பி, பீரங்கிகள் பின்னால் வரட்டும் என்று சொல்லிவிட்டு, கிடைத்த குதிரை வீரர்களுடன் ஏறத்தாழ 25 கி.மீ. பாய்ந்து வந்தார். வாயிலின் மேல் சார்ஜன்ட் பிரேடியும் 69-ஆம் படைப்பிரிவினர் சிலரும் மட்டும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தனர். கில்லெஸ்பி கயிற்றைப் பற்றி மதிலேறி அவர்களோடு சேர்ந்து, துப்பாக்கிச் சனியனால் தாக்கிச் சிப்பாய்களைத் தடுத்துவைத்தார். பீரங்கிகள் வந்து உள்வாயிலைத் தகர்த்ததும் குதிரைப்படை உள்ளே புகுந்தது.

அதுவரை நடந்தது வீரம். அதன்பின் நடந்தது கொலை. அரண்மனையில் ஒளிந்திருந்த நூறு சிப்பாய்களுக்கு மேல் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டனர். வாயிலைத் தகர்த்த பொறியாளர் ஜான் பிளேக்கிஸ்டனே இதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்று கோட்டைக்குள் மடிந்த சிப்பாய்கள் பல நூறு பேர். கில்லெஸ்பியின் புகழ்பாடும் வரலாறுகள் கயிற்றேற்றத்தை விரித்துரைத்து, இந்தச் சுவரை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. இரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

சென்னை அரசு அவருக்கு 7,000 வராகன் பரிசளித்தது. கட்டளைக்குப் பொறுப்பான தலைமைத் தளபதி ஜான் கிராடக், ஆளுநர் வில்லியம் பென்டிங் இருவரும் 1807-இல் திருப்பி அழைக்கப்பட்டனர். தலைப்பாகைக் கட்டளையும் கைவிடப்பட்டது.

பிற்காலம்: 1811-இல் ஜாவாப் படையெடுப்பில் பங்கேற்றார், பின்னர் அங்கே துணை ஆளுநர் ராஃபிள்ஸுடன் பிணக்கு ஏற்பட்டது. நேபாளப் போரில் டேராடூன் அருகே நேபாளத் தளபதி பலபத்திர குன்வர் காத்துநின்ற காலங்கா கோட்டையைத் தாக்கியபோது, 1814 அக்டோபர் 31-இல் குண்டடிபட்டு இறந்தார். நைட் கமாண்டர் ஆஃப் தி பாத் பட்டம் இறந்தபின் 1815-இல் அறிவிக்கப்பட்டது.

நினைவுச்சின்னங்கள்: லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் அவருக்குச் சிலை உண்டு, காம்பர் சதுக்கத்தில் தூண்மேல் நிற்கும் சிலை 1845-இல் திறக்கப்பட்டது. வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டை ஒட்டி இந்திய அஞ்சல் துறை 2006-இல் அஞ்சல்தலை வெளியிட்டது.