கொம்பனை வீழ்த்த எத்தனை பேர் வேண்டும்?

பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதையில் வரும் கொம்பன் சாதாரணக் காட்டுப்பன்றி இல்லை. வயலை உழுது எறியும், கரும்பைச் சாய்க்கும், குளக்கரையை உடைக்கும். அதை வேட்டையாடக் கிளம்பும் சங்கரும் லேசுப்பட்டவன் அல்ல. ஆட்கள் திரள்கிறார்கள், நாய்கள் திரள்கின்றன, ஆனால் வேட்டை கைகூடவில்லை. பொன்னாச்சி என்ற குட்டி நாயை யாரும் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். அந்த அவமதிப்பில் அது மனம் நொந்து கிடக்கிறது. மற்ற நாய்களெல்லாம் நோயில் சுருண்டு விழுகின்றன. சங்கர் அதைச் சமாதானப்படுத்தி அழைத்துக்கொள்கிறான். பொன்னாச்சி ஓடிப் போய்க் கொம்பனைக் கடிக்கக்கூடாத இடத்தில் கடிக்கிறது. அதன் பிறகுதான் சங்கரின் வேல் பன்றிமேல் இறங்குகிறது.

கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் ஒலிப்பதிவு செய்த பாடத்தில் கதை இப்படிப் போகிறது. அதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கதை கடல் கடந்திருந்தது. அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, இராகலை என்று இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் மூன்று கூத்துகள் வேரூன்றின: காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மூன்றிலும் ஊரார் வேடம் ஏற்கிறார்கள். மூன்றிலும் மனிதனை விடப் பெரிய ஒரு எதிரி வருகிறான். அந்த எதிரிக்கு எவ்வளவு பலம், எதிர்த்து நிற்பவனுக்கு எவ்வளவு பலம் என்ற கணக்கை இந்தக் கூத்துகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகப் போட்டிருக்கின்றன. மலையகக் கூத்துகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பாட்டையும் சடங்கையும் பேசுகிற அளவுக்கு இந்தக் கணக்கைப் பேசுவதில்லை. பேசவேண்டிய விஷயம் அது.

உலகத்தின் வேறொரு மூலையில் இதே கேள்வியை வைத்துப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டில் பகடையும் அட்டவணையும் சேதத்தைத் தீர்மானித்தன. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி அட்டவணைகளை ஓரங்கட்டிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரு வீரனாக வேடம் ஏற்று, நடத்துநர் கொண்டுவரும் அரக்கர்களோடு மோதுகிற ஆட்டம் அது. ஓர் அரக்கனின் தாக்குப்பிடிக்கும் சக்தியை இத்தனை பகடை என்று எண்ணிச் சொன்னார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு சவால் மதிப்பெண் தந்தது. நான்கு பேர் கொண்ட குழு தன் தரத்துக்குச் சமமான எதிரியைச் சந்தித்தால் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்க நேரும் என்பது அதன் கணக்கு.

கணக்கு அடிக்கடி பொய்த்தது. 1987இல் டிராகன் இதழின் ஆசிரியர் ரோஜர் மூர் எழுதிய தலையங்கம் இன்றும் பேசப்படுகிறது. பட்டியலில் அடிமட்டத்தில் இருக்கும் குட்டி அரக்கர்கள், தந்திரமாக நடத்தப்பட்டபோது, தேர்ந்த வீரர்களின் குழுவையே விரட்டியடித்த கதை அது. பொன்னாச்சியை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது.

மலைநாட்டுக்கு வருவோம். 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டி வந்தார்கள். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தத் தொழிலே சரிந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் நிரந்தரமாகத் தங்கின.

கூத்தின் வரலாற்றில் இந்த மாற்றம் முக்கியமானது. காமன் கூத்து மாசி மாதத்துக் கூத்து. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால் பௌர்ணமியில் காமன் எரிகிறான், மூன்றாம் நாள் எழுகிறான். ஏறக்குறைய இரண்டு வாரம் ஒரே இடத்தில், ஒரே சனம், இரவுதோறும் கூடவேண்டும். மாசியில் ஊரில் இருந்த கோப்பிக்கால ஆளுக்கு அதை மலையில் நடத்தும் தேவை இல்லை. மாசியிலும் லயத்திலேயே கிடந்த தேயிலைக்கால ஆளுக்கு வேறு வழி இல்லை. மலையின் மேற்குச் சரிவுகளில் அது மழை குறைந்த, பனி விழும், கொழுந்து குறைவாக வரும் காலமாக இருந்ததும் நல்லதாய்ப் போயிற்று. ஆனாலும் விடிய விடியக் கூத்தாடிவிட்டுப் பிரட்டுத் தப்பு அடித்ததும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றாக வேண்டும்.

காமன் கூத்தில் மோதல் என்று ஒன்று கிடையாது. மன்மதன் கையில் கரும்பு வில், ஐந்து மலர் அம்பு. எதிரே சிவனின் நெற்றிக்கண். கண் திறந்தால் சாம்பல்தான். பகடை உருட்டவே இடம் கொடுக்காத எதிரி அது. சரி, இரண்டு வாரமும் என்ன நடக்கிறது? இந்திரனின் தூதன் வந்து மன்மதனை அழைக்கிறான். ரதி கெட்ட கனவு கண்டு, போகாதே என்று தடுக்கிறாள். உன் பக்கம் பெரிதா என் பக்கம் பெரிதா என்று இருவருக்கும் வாக்குவாதம் மூளுகிறது. அவள் சிவனின் வலிமையைச் சொல்கிறாள், அவன் திருமாலின் பெருமையைச் சொல்கிறான். தஞ்சைப் பக்கம் லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து பாடுவதும் இந்தக் கதையை வைத்துத்தான். எதிரியின் பலத்தைக் குறைக்க முடியாத இடத்தில் கூத்து அந்தப் பலம் வந்து தாக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. அத்தனை இரவுகளும் லயத்துச் சனம் மன்மதனோடு இருந்துவிடுகிறது. அவன் எரியும்போது எரிவது ஒரு பாத்திரம் அல்ல, பழகிய ஆள்.

எழுந்து வந்த மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது சிவன் தந்த வரத்தின் நிபந்தனை. தோற்றவனுக்கு உயிர் திரும்பக் கிடைக்கிறது, உருவம் கிடைக்கவில்லை. தோல்வியையும் இப்படி அளந்து கொடுக்கக் கூத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அர்ச்சுனன் தபசு நேர் எதிரான வழியில் போகிறது. இங்கும் எதிரே நிற்பவன் சிவனே. ஆனால் நெற்றிக்கண்ணோடு வரவில்லை. வேடனாக, ஒரு வில்லும் அம்புமாக வருகிறான். பன்றி உருவில் பாயும் மூகாசுரன்மேல் இருவரின் அம்பும் ஒரே சமயத்தில் தைக்கின்றன. யாருடைய பன்றி என்று சண்டை. வனபருவம் இந்தச் சண்டையைப் படிப்படியாக அடுக்கியிருக்கும் முறை அபாரமானது. குறையவே குறையாத அம்பறாத்தூணி காலியாகிறது. வில்லால் அடிக்கிறான், வேடன் வில்லைப் பிடுங்கிக்கொள்கிறான். வாளை ஓங்குகிறான், அது வேடனின் தலையில் பட்டு உடைகிறது. மரத்தையும் கல்லையும் எறிகிறான். கடைசியில் வெறுங்கை, மல்யுத்தம், மயக்கம். நினைத்த கணத்தில் முடித்துவிடக்கூடிய எதிரி, எதிராளியின் பலம் எதுவரை போகும் என்று பார்ப்பதற்காகத் தன் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே இறக்குகிறான். சோதனை முடிந்ததும் பாசுபதாஸ்திரத்தைக் கொடுக்கிறான். நல்ல ஆட்ட நடத்துநர் செய்யவேண்டியதும் இதுதான் என்று மேசை விளையாட்டுக்காரர்கள் ஐம்பது ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். பாரதக் கதை எப்போதோ செய்து காட்டிவிட்டது.

கூத்தில் இந்தச் சோதனைக்கு உடம்பும் பொறுப்பு. நட்டுவைத்த தபசு மரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறவேண்டும். உச்சிக்குப் போய் அங்கிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் எறிவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடி ஏந்தி நிற்பார்கள். பகல் முழுக்க மலையில் நின்ற கால்கள் இரவில் மரம் ஏறுகின்றன. அந்த மனிதர் வழுக்காமல் ஏற வேண்டுமே என்று கூட்டம் பதைப்பதும் அர்ச்சுனனுக்கு வரம் கிடைக்க வேண்டுமே என்று வேண்டுவதும் அந்த நேரத்தில் ஒன்றுதான். மேசையில் வைத்த காகிதத்தில் எழுதிய எண்ணால் இதைத் தர முடியாது.

மூன்றிலும் மலையக வாழ்க்கைக்கு மிக அருகில் இருப்பது பொன்னர் சங்கர் என்று துணிந்து சொல்லலாம். கதையின் புனித நிலமான வீரப்பூர், மணப்பாறைக்கு அருகில், திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது. ஆள் கட்டிப்போன பிரதேசமே அது. அங்கேயும் மாசியில்தான் பெருவிழா. பன்றியும் மலைச்சனத்துக்குப் புராண மிருகம் அல்ல. லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளியையும் உருளைக்கிழங்கையும் இரவோடு இரவாகத் தோண்டித் தின்னும் மிருகம்.

கொம்பனும் சங்கரும் பலத்தில் கிட்டத்தட்டச் சமம். சமமாக இருப்பதுதான் சிக்கல். அந்த முட்டுக்கட்டையை நகர்த்துபவர்கள் அண்ணன் தம்பி அல்ல. ஒன்று, பொன்னாச்சி. இன்னொன்று, சாம்புகன். பறையர் குலத்தவனாகவும் பெரும் பலசாலியாகவும் கதை காட்டும் பணியாள் இவன். முன்னால் போகிறவன், கடினமான வேலை எல்லாம் இவன் தலையில்தான் விடியும். தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். பெயர் அண்ணன்மாருக்கு, உழைப்பு சாம்புகனுக்கு என்ற ஏற்பாட்டை அவர்கள் கூத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மேலே துரை, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, கங்காணி என்று அடுக்கிய தோட்டத்திலேயே அது நடந்துகொண்டிருந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை பெரிய கங்காணிக்குப் போகும்; தப்பு அடிப்பவர் ஓரத்தில் நிற்பார். அந்தத் தப்பு இல்லாமல் கூத்தும் இல்லை, சாமியும் இறங்காது.

பன்றி விழுந்ததோடு கதை முடிவதில்லை. பதினாறு வயதோடு ஆயுள் முடியும் என்று எழுதப்பட்ட வீரர்கள் அவர்கள். படுகளத்தில் விழுகிறார்கள். களத்தில் வேடக்காரர்களும் பார்த்து நின்றவர்களில் சிலரும் அருள் வந்து சாய்ந்து கிடக்க, தங்கை அருக்காணி தீர்த்தம் தெளித்து எழுப்புகிறாள். எதிரியின் பலம் வேடம் போட்டவரோடு நிற்காமல் கூட்டத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். முடிவு எல்லாருக்கும் முன்பே தெரிந்த கதையில் யார் ஜெயிப்பார் என்பது கேள்வியே அல்ல. வீழ்கிறவனோடு ஊர் எவ்வளவு தூரம் போகும் என்பதை வைத்துத்தான் இங்கே எதிரிக்குப் பலம் வைத்தார்கள்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் கூத்து மாஸ்டர்கள். யாருக்கு எந்த வேடம் பொருந்தும், எந்த இடத்தில் பாட்டை நீட்டலாம், எங்கே தப்பின் வேகத்தை ஏற்றலாம் என்பதெல்லாம் அவர்களின் தீர்ப்பு. வெர்டி து வெர்னுவா நடுவருக்குக் கொடுக்கச் சொன்ன அதிகாரம் அவர்களிடம் இயல்பாகவே இருந்தது. பல வேடங்கள் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயின.

அந்தச் சங்கிலியில் விழுந்த பெரிய வெட்டு 1948இன் குடியுரிமைச் சட்டத்தோடு தொடங்கியது. நாடற்றவர்களாக்கப்பட்டவர்களை என்ன செய்வது என்று 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உடன்பாடு செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்று ஆனது. பொன்னராக ஆடியவர் கோத்தகிரிக்கும் சங்கராக ஆடியவர் கொட்டகலைக்கும் சொந்தமாகிவிடக்கூடிய காலம். காமன் கூத்து தாக்குப்பிடித்தது. இன்றும் மாசி பிறந்தால் பல தோட்டங்களில் கம்பம் ஏறுகிறது, கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். நிறைய ஆட்களும் நீண்ட பாடமும் கேட்கும் மற்ற இரண்டு கூத்துகளுக்கு அந்த அளவு வாய்ப்பு இல்லை.

சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளை எழுதி வைத்தார். கொங்கு நாட்டில் பெக் செய்ததைப் போல ஒரு தோட்டத்துப் பொன்னர் சங்கரைத் தொடக்கம் முதல் படுகளம் வரை முழுதாக ஒலிப்பதிவு செய்து, பக்கத்துத் தோட்டத்துப் பாடத்தோடு ஒப்பிட்டு அச்சிடும் வேலை மலையகத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் எடுத்துச் செய்யக்கூடியது. ஒவ்வொரு தோட்டத்திலும் கொம்பனுக்கு எத்தனை பாட்டு, பொன்னாச்சிக்கு எத்தனை பாட்டு, சாம்புகனுக்கு எவ்வளவு நேரம் என்று எண்ணினாலே அந்தத் தோட்டம் யாரை எவ்வளவு பலசாலியாக நினைத்தது என்று தெரிந்துவிடும். வயதான மாஸ்டர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.