டிக்கெட் புத்தகம் போச்சு, ஓட்டம் வந்துச்சு

குடும்பத்தோட தீம் பார்க் போயிட்டு வந்த யாரையாவது கேட்டுப் பாருங்க. "சூப்பரா இருந்துச்சு"ம்பாங்க. அடுத்த வரியிலயே "கால் ரெண்டும் கழண்டு போச்சு"ம்பாங்க. லீவு போட்டு, ப்ளைட் புடிச்சு, காசைக் கொட்டிட்டு, ஆபீஸ்ல இருந்ததை விட அதிகமா களைச்சுப் போயித் திரும்பி வர்றோம். பேராசைதான் காரணம்னு நம்மளை நாமளே திட்டிக்கிறோம். ஆனா இந்த ஓட்டத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கு மக்களே. அதுல வில்லன், ஹீரோ ரெண்டுமே டிக்கெட்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

பெஞ்சுல உக்காந்த அப்பா

வால்ட் டிஸ்னி தன்னோட ரெண்டு பொண்ணுங்களையும் லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற கிரிஃபித் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவாரு. பொண்ணுங்க குடை ராட்டினத்துல சுத்தும். இவரு பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பார்ப்பாரு. பெத்தவங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து அனுபவிக்கிற மாதிரி ஒரு இடம் ஏன் இல்லைங்கற யோசனை அங்கதான் வந்துச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. 1951ல கோபன்ஹேகன் போயி, 1843ல இருந்து நடக்கிற டிவோலி தோட்டத்தைப் பார்த்தாரு. கலிஃபோர்னியாவுல அனஹைம் ஊர்ல 1955 ஜூலை 17ல டிஸ்னிலேண்ட் திறந்தாச்சு.

முதல் நாள் ஒரே களேபரம். வெயில் மண்டையைப் பொளக்குது. கள்ள டிக்கெட்ல ஏகப்பட்ட பேர் உள்ள வந்துட்டாங்க. புதுசாப் போட்ட தார் இளகி, பொம்பளைங்க செருப்புக் குதி உள்ள இறங்குது. இதெல்லாம் சில நாள்ல சரியாயிடுச்சு. டிக்கெட் மேட்டர்தான் வருஷக்கணக்கா இழுத்துச்சு.

ஏ, பி, சி...

ஆரம்பத்துல பெரியவங்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். உள்ள ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனியா காசு. ஒவ்வொரு தடவையும் அப்பா பர்ஸைத் திறக்கணும்னா எந்த அப்பாவுக்குத்தான் கடுப்பாகாது? அதனால அதே வருஷம் அக்டோபர்ல டிக்கெட் புத்தகம் வந்துச்சு. இரண்டரை டாலருக்கு 8 சீட்டு. ஏ, பி, சின்னு மூணு வகை. 1956ல 'டி' சேர்ந்துச்சு. 1959ல மேட்டர்ஹார்ன் மலை வண்டி, நீர்மூழ்கி மாதிரிப் பெரிய அயிட்டங்கள் வந்தப்ப 'ஈ' சேர்ந்துச்சு. அமெரிக்காவுல 'ஈ டிக்கெட்'னா உச்சக்கட்ட அனுபவம்னே அர்த்தம் ஆயிடுச்சு. 1983ல விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட் கூட, ராக்கெட் பயணத்தை ஈ டிக்கெட்டோடதான் ஒப்பிட்டாங்க.

இந்தப் புத்தகம் தனக்கே தெரியாம ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. ஈ சீட்டு கொஞ்சம்தான் இருக்கும். அது தீர்ந்துட்டா கையில மிச்சம் ஏயும் பியும்தான். ஏ சீட்டுக்கு என்ன கிடைக்கும்? குதிரை இழுக்கிற ட்ராம் வண்டி, குடை ராட்டினம். அதாவது பரபரப்பா ரெண்டு, சாவகாசமா நாலுன்னு அந்த நாளோட தாளத்தைப் புத்தகமே போட்டுக் குடுத்துச்சு. சீட்டு தீர்ந்துச்சா, பெஞ்சுல உக்காரு, ஐஸ்கிரீம் சாப்பிடு, ஊர்வலம் பாரு. எதையும் தவற விட்ட மாதிரி இருக்காது. மிஞ்சின ஏ சீட்டுங்க பல வீட்டு மேஜை டிராயர்ல வருஷக்கணக்கா தூங்குச்சு.

ஒரே விலை, எல்லாமே உனக்கு

1982ல டிஸ்னி இந்தப் புத்தகத்தைக் கைவிட்டுச்சு. ஒரே டிக்கெட், எவ்வளவு வேணா ஏறிக்கோ. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கு தலைகீழாயிடுச்சு.

பொட்டி தட்டுறவன் புத்தி, கணக்குப் போடாம விடாது. 2024 அக்டோபர்ல டிஸ்னிலேண்டோட உச்ச சீசன் ஒருநாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டிடுச்சு. தலைக்கு 200னே வச்சுக்குவோம். நாலு பேருக்கு 800. பன்னண்டு மணி நேரம் உள்ள இருந்தா மணிக்கு கிட்டத்தட்ட 67 டாலர். இப்ப ஒரு மணி நேரம் மரத்தடியில உக்காந்தா 67 டாலர் ஆவியாப் போற மாதிரி மனசு அடிச்சுக்கும். 1955ல உக்கார்றது இலவசம். 1982க்கு அப்புறம் உக்கார்றதுக்கு விலை இருக்கு. நம்ம ஓட்டத்தோட ஆணிவேர் இதுதாங்கறது என் கட்சி.

வரிசையை ஒளிச்சு வச்ச கதை

எல்லாரும் எல்லாத்துலயும் ஏறலாம்னா வரிசை நீளத்தானே செய்யும்? வரிசைக் கணக்கோட பிதாமகர் எர்லாங், டிவோலி இருக்கிற அதே கோபன்ஹேகன்ல டெலிபோன் கம்பெனியில வேலை பார்த்தவர். 1909லயே கட்டுரை எழுதிட்டாரு. 1961ல ஜான் லிட்டில்ங்கறவர் நிரூபிச்ச விதி இன்னும் எளிமை: வரிசையில இருக்கிற ஆளுங்க = வர்ற வேகம் × காத்திருக்கிற நேரம். மணிக்கு 1200 பேரை ஏத்துற வண்டிக்கு முன்னாடி 1200 பேர் நின்னா, கடைசி ஆளுக்கு ஒரு மணி நேரம். இதை எந்த மேனேஜராலயும் மாத்த முடியாது :-)

மாத்தணும்னா வண்டியோட கொள்ளளவு ஏறணும். அதையும் செஞ்சாங்க. 1969ல வந்த பேய் மாளிகையில இருக்கிற வண்டிங்க, நிக்காம சங்கிலியா ஓடிக்கிட்டே ஆளை ஏத்தும். 1999ல வேற ரூட் புடிச்சாங்க: ஃபாஸ்ட்பாஸ். மெஷின்ல சீட்டு எடுத்துக்கோ, சொன்ன நேரத்துக்கு வா, அதுவரைக்கும் சுத்து. வரிசையில நிக்கிறவன் கடையில காசு செலவழிக்க முடியாதே!

ஆனா வண்டி அதே 1200தான். ஒரு பேச்சுக்கு அதுல 900 இடம் சீட்டு வச்சிருக்கவங்களுக்குப் போச்சுன்னா, சும்மா நிக்கிற வரிசைக்கு மணிக்கு 300தான். முன்னாடி 300 பேர் நின்னாலே ஒரு மணி நேரம். காத்திருப்பு குறையலை, இடம் மாறி ஒளிஞ்சுக்கிச்சு.

2013-14ல ஃப்ளோரிடாவுல இதைக் கைப்பட்டைக்கும் ஆப்புக்கும் மாத்தினாங்க. அவங்க ஓட்டல்ல தங்கறவங்க 60 நாள் முன்னாடியே எந்த ராட்டினத்துல எப்ப ஏறணும்னு பதிவு பண்ணலாம். லீவுலயும் ப்ராஜெக்ட் ப்ளான்! 2021ல இலவசம் போச்சு. ஜீனி ப்ளஸ்னு காசு கட்டினாத்தான் குறுக்கு வழி. 2024ல அதுக்கு லைட்னிங் லேன் மல்டி பாஸ்னு பேர் மாத்தினாங்க. புத்தகம் இருந்த காலத்துல நிதானம் எல்லாருக்கும் பொதுவா இருந்துச்சு. இப்ப அது தனி அயிட்டமா விலைப்பட்டியல்ல இருக்கு.

அப்ப என்னதான் பண்றது?

போன வருஷம் ஊர்ல இருந்து அம்மா, அப்பா, அக்கா குடும்பம் வந்திருந்தாங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி, அக்கா பொண்ணுக்கு 5 வயசு. ப்ளானைப் பேசும்போது அப்பா கேட்டாரு: "ஏன் தம்பி, உள்ள உக்காந்தா காசா?" அந்த ஒத்தைக் கேள்விதான் என்னை இந்தச் சரித்திரம் எல்லாம் படிக்க வச்சுது.

போறதுக்கு முதல்நாள் ராத்திரி பழைய புத்தகத்தை நாங்களே காகிதத்துல பண்ணோம். தலைக்கு 8 சீட்டு: ரெண்டு ஈ, மூணு சி, மூணு ஏ. ஈ எதுங்கறதை அவங்கவங்களே முடிவு பண்ணிக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஈ ரெண்டையும் முடிச்சிடணும். வெயில் உச்சத்துல வெளிய வந்து படுத்துட்டு, சாயங்காலம் ஏ சீட்டோட திரும்பணும். அம்மா அவங்க மூணு ஏ சீட்டையும் ஒரே பெஞ்சுல செலவு பண்ணாங்க. ஊர்வலம் பார்த்தாங்க, பேத்தி ராட்டினத்துல சுத்தறப்ப கை காட்டினாங்க. ராத்திரி போன்ல சித்திகிட்ட பேசினப்ப அவங்க சொன்னதெல்லாம் பெஞ்சுக் கதைதான்.

எட்டு சீட்டுங்கறதுல மந்திரம் எதுவும் இல்லை. நாலா வச்சுக்கங்க, ஆறா வச்சுக்கங்க. சீட்டு தீர்ந்துச்சுன்னா நாள் நல்லபடியா முடிஞ்சுதுன்னு வீட்டுல எல்லாரும் ஒத்துக்கணும், அவ்வளவுதான். கட்டின காசு வாசல்லயே போயிடுச்சு. ஓடினாலும் திரும்ப வராது, உக்காந்தாலும் வராது. அந்த இடம் கட்டுறதுக்குக் காரணமா இருந்த மனுஷனே பெஞ்சுல உக்காந்தவர்தானே!

பி.கு: பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனவங்க உங்க டெக்னிக்கைப் பின்னூட்டத்துல எடுத்து விடுங்க. அடுத்த வருஷம் மாமியார் வீட்டுல இருந்து வர்றாங்க, உதவியா இருக்கும்.