இணையவழிப் பங்கு வணிகக் கணக்கு (இந்தியா)

இணையவழிப் பங்கு வணிகக் கணக்கு என்பது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளை ஒருவர் தமது கணினி அல்லது கைப்பேசி வழியாகத் தாமே வாங்கவும் விற்கவும் உதவும் பொருட்டு, பதிவு பெற்ற தரகு நிறுவனம் ஒன்றில் தொடங்கும் கணக்கு ஆகும். இந்தியாவில் இவ்வசதி 2000 ஆம் ஆண்டில் அறிமுகமானது. பேச்சுவழக்கில் இது ஒரே கணக்காகக் கருதப்பட்டாலும், உண்மையில் வங்கிக் கணக்கு, வணிகக் கணக்கு, டிமேட் கணக்கு ஆகிய மூன்றின் இணைப்பாகும். தரகரின் மென்பொருள் இம்மூன்றையும் ஒரே திரையில் காட்டுகிறது. எனினும் பணமும் பங்கும் வெவ்வேறு அமைப்புகளின் பொறுப்பில் உள்ளன. எது எவரிடம் உள்ளது, அதனை எடுக்கும் அதிகாரம் எவருக்குத் தரப்பட்டுள்ளது என்பவையே முதலீட்டாளரின் பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

1990களின் தொடக்கம் வரை இந்தியப் பங்குச் சந்தைகளில் தரகர்கள் வணிகக் கூடத்தில் நேரில் கூடி, உரத்த குரலில் விலை கூறி வணிகம் செய்தனர். முதலீட்டாளர் தமது தரகரிடம் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லி வைத்த பின், எந்த விலையில் வணிகம் முடிந்தது என்பதைத் தரகர் கூறியே அறிய முடிந்தது. பங்குகள் காகிதச் சான்றிதழ்களாக இருந்தமையால் கையொப்பம் ஒவ்வாமை, போலிச் சான்றிதழ், அஞ்சலில் தொலைதல் முதலிய சிக்கல்கள் மிகுந்திருந்தன.

1988 இல் அமைக்கப்பட்ட செபி எனும் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் 1992 இல் சட்டபூர்வ அதிகாரம் பெற்றது. தேசிய பங்குச் சந்தை 1994 நவம்பரில் கணினித் திரை வழியான பங்கு வணிகத்தைத் தொடங்கியது. 1875 இல் தோன்றிய மும்பை பங்குச் சந்தையும் 1995 இல் திரைவழி வணிகத்துக்கு மாறியது. செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் நாட்டின் எந்நகரத் தரகரும் ஒரே சந்தையில் பங்கேற்க முடிந்ததால் வட்டாரப் பங்குச் சந்தைகள் நலிவடைந்தன. 1937 இல் மீண்டும் அமைக்கப்பட்ட சென்னை பங்குச் சந்தை 2015 இல் பங்குச் சந்தை என்ற தகுதியிலிருந்து விலகியது.

1996 இல் வைப்பகங்கள் சட்டம் இயற்றப்பட்டு, அதே ஆண்டில் என்எஸ்டிஎல் எனும் தேசிய பிணைய வைப்பகம் செயற்படத் தொடங்கியது. இரண்டாவது வைப்பகமான சிடிஎஸ்எல் 1999 இல் தோன்றியது. பங்குகள் மின்னணுப் பதிவுகளாக மாறியமையே இணையவழி வணிகத்துக்கு அடித்தளமாயிற்று. 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செபி இணையவழி வணிகத்தை அனுமதித்தது. 2010 இல் கைப்பேசி வழியான வணிகமும் அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பட்ட செரோதா போன்ற நிறுவனங்கள், வணிக மதிப்பின் விழுக்காடாக அன்றி ஆணை ஒன்றுக்கு இவ்வளவு என்று தரகுக்கட்டணம் பெறும் முறையைப் பரவலாக்கின. 2022 ஆகஸ்டில் நாட்டின் டிமேட் கணக்குகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்தது.

மூன்று கணக்குகள்

வங்கிக் கணக்கு முதலீட்டாளரின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். பிறர் கணக்கிலிருந்து வரும் பணத்தைத் தரகர் ஏற்கக் கூடாது.

வணிகக் கணக்கு தரகரிடம் உள்ளது. முதலீட்டாளர் அனுப்பும் பணம் இக்கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. அப்பணம் அவரது பெயரிலான வங்கி இருப்பு அன்று. வாடிக்கையாளர் நிதியாகத் தரகர் வழியே பேணப்படும் தொகை ஆகும். இதனைத் தரகர் தம்மிடம் தேக்கி வைக்காமல் தீர்வு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி 2023 இல் கொண்டுவரப்பட்டது. பயன்படுத்தப்படாத தொகை, முதலீட்டாளரின் விருப்பப்படி மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது.

டிமேட் கணக்கு வைப்பகத்தில் உள்ளது. தரகு நிறுவனம் பெரும்பாலும் வைப்பகத்தின் முகவராகவும் செயற்படுகிறது. முகவர் மாறினாலும், மென்பொருள் முடங்கினாலும் பங்குகள் வைப்பகத்தின் பதிவேட்டில் உரியவர் பெயரிலேயே இருக்கும். டிமேட் கணக்கு எண் 16 இடங்களைக் கொண்டது. சிடிஎஸ்எல் எண் முழுதும் இலக்கங்களால் ஆனது. என்எஸ்டிஎல் எண் ஐ, என் ஆகிய இரு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்குகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு ஒருவர் தமது பங்குகள் எந்த வைப்பகத்தில் உள்ளன என்பதை அறியலாம்.

கணக்குத் தொடங்கும் முறை

1. தரகரைத் தெரிவு செய்தல்: தரகர் செபியிடம் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். பதிவு எண்ணைச் செபியின் தளத்திலும் பங்குச் சந்தைகளின் தளங்களிலும் சரிபார்க்கலாம்.

2. ஆவணங்கள்: பான் எனப்படும் நிரந்தரக் கணக்கு எண், முகவரிச் சான்று, ஒளிப்படம், கையொப்பம், வங்கிக் கணக்குச் சான்று ஆகியவை தேவை. பிணையச் சந்தையில் பங்கேற்பவர் அனைவருக்கும் பான் ஒன்றே அடையாள எண் என்ற விதி 2007 இல் நடைமுறைக்கு வந்தது. முன்பேர வணிகத்தில் ஈடுபட விரும்புவோர் வருமானச் சான்றும் அளிக்க வேண்டும்.

3. அடையாளச் சரிபார்ப்பு: முன்னர் நேரில் நடைபெற்ற இச்சரிபார்ப்பை 2020 முதல் காணொளி வழியாகவும் செய்யலாம். ஒரு தரகரிடம் பதிவான விவரங்கள் பொதுப் பதிவு முகமையில் சேமிக்கப்படுவதால் அடுத்த தரகரிடம் கணக்குத் தொடங்குதல் எளிதாகிறது.

4. சந்தைப் பிரிவைத் தெரிவு செய்தல்: பங்கு, முன்பேரம், நாணயம், பண்டம் ஆகிய பிரிவுகளுக்குத் தனித்தனியே ஒப்புதல் பெறப்படுகிறது. பங்குகளை வாங்கி வைக்க மட்டும் விரும்புபவர் முதற்பிரிவைத் தெரிவு செய்தால் போதுமானது.

5. நியமனதாரர்: கணக்கு உரிமையாளர் இறந்தால் பங்குகளைப் பெற்றுக்கொள்ள வேண்டியவரின் பெயரைப் பதிவு செய்யலாம். நியமனம் இல்லாத நிலையில் வாரிசுகள் கூடுதல் ஆவணங்களை அளித்தே பங்குகளைப் பெற முடியும்.

6. கையொப்பம்: ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டு மின்கையொப்பம் இடலாம். பெரும்பாலானோர் படிக்காமல் கடந்து செல்லும் ஒப்புதல்கள் இக்கட்டத்திலேயே பெறப்படுகின்றன.

வணிக மென்பொருளை அமைத்தல்

வணிக மென்பொருள் இணையத்தளம், கைப்பேசிச் செயலி, கணினியில் நிறுவப்படும் முனையம் ஆகிய வடிவங்களில் வழங்கப்படுகிறது. உள்நுழைவுக்குக் கடவுச்சொல்லுடன், கைரேகை போன்ற உயிரியல் அடையாளமோ, மாறிக்கொண்டிருக்கும் ஒருமுறை எண்ணோ தேவைப்படுகிறது. கைப்பேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கணக்கு உரிமையாளருக்கே உரியவையாக இருத்தல் இன்றியமையாதது. பங்குச் சந்தைகளும் வைப்பகங்களும் தரகரைச் சாராமல் நேரடியாக அனுப்பும் குறுஞ்செய்திகள் இம்முகவரிகளுக்கே வந்து சேர்கின்றன.

முதன்மையான ஆணை வகைகள் வருமாறு:

- சந்தை விலை ஆணை: அப்போது கிடைக்கும் விலையில் உடனே நிறைவேறும். குறைவாக வணிகமாகும் பங்குகளில், திரையில் கண்ட விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் பெரும் வேறுபாடு ஏற்படலாம்.
- வரம்பு ஆணை: குறிப்பிட்ட விலையிலோ அதனினும் சாதகமான விலையிலோ மட்டும் நிறைவேறும். நிறைவேறாமலும் போகலாம்.
- ஸ்டாப் லாஸ் ஆணை: விலை குறிப்பிட்ட அளவைத் தொட்டபின் செயற்படும். நட்டத்தை மட்டுப்படுத்த இது பயன்படுகிறது.

டெலிவரி, இன்ட்ராடே என்ற தெரிவும் முக்கியமானது. முன்னதில் முழுப்பணம் செலுத்திப் பங்கு டிமேட் கணக்குக்கு மாற்றப்படுகிறது. பின்னதில் அன்றே கணக்கு முடிக்கப்பட வேண்டும். முடிக்காவிடில் சந்தை மூடுமுன் தரகரின் மென்பொருளே அதனை முடித்துவிடும்.

ஆணை நிறைவேறும் விதம்

முதலீட்டாளர் இடும் ஆணை முதலில் தரகரின் கணினிக்குச் செல்கிறது. அங்கு போதிய பணம் அல்லது பங்கு உள்ளதா என்று சரிபார்க்கப்பட்ட பின் பங்குச் சந்தையை அடைகிறது. சிறந்த விலைக்கு முதலிடமும், ஒரே விலையில் முந்தி வந்த ஆணைக்கு முன்னுரிமையும் தரப்படுகின்றன. வணிகம் முடிந்தபின் தீர்வு நிறுவனம் இருதரப்புக்கும் இடையே நின்று பணத்தையும் பங்கையும் கைமாற்றுகிறது. 2003 முதல் வணிக நாளுக்குப் பின் இரண்டாம் வேலைநாளில் நடைபெற்ற இத்தீர்வு, 2022 முதல் படிப்படியாக மாற்றப்பட்டு, 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் அடுத்த வேலைநாளிலேயே நடைபெறுகிறது.

வணிகம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் தரகர் ஒப்பந்தக் குறிப்பு அனுப்ப வேண்டும். மென்பொருள் திரையில் தோன்றும் விவரம் ஒரு தகவல் மட்டுமே. ஒப்பந்தக் குறிப்பும் வைப்பகம் அனுப்பும் கணக்கு அறிக்கையுமே சான்றாகக் கொள்ளத்தக்கவை.

அதிகாரப் பத்திரமும் கார்வி நிகழ்வும்

இணையத்தில் பங்கை விற்கும்போது அதனை டிமேட் கணக்கிலிருந்து எடுக்க ஒப்புதல் தேவை. இதற்காக நெடுங்காலம் கணக்குத் தொடங்கும்போதே தரகருக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தரும் வழக்கம் இருந்தது. இதன் ஆபத்து 2019 இல் வெளிப்பட்டது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனம், வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்துக் கடன் பெற்றமை தொடர்பாகச் செபி அவ்வாண்டு நவம்பரில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க அந்நிறுவனத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. டிசம்பரில் 80,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் பங்குகள் அவர்களது கணக்குகளுக்குத் திருப்பப்பட்டன. 2023 இல் அந்நிறுவனத்தின் தரகர் பதிவு நீக்கப்பட்டது.

இந்நிகழ்வைத் தொடர்ந்து விதிகள் படிப்படியாக இறுக்கப்பட்டன. 2020 முதல் பிணையாகத் தரப்படும் பங்குகள் தரகரின் கணக்குக்கு மாறாமல், முதலீட்டாளரின் டிமேட் கணக்கிலேயே அடகுக் குறியுடன் இருக்கின்றன. 2022 இல் அதிகாரப் பத்திரத்துக்கு மாற்றாக டிடிபிஐ எனும் வரையறுக்கப்பட்ட ஒப்புதல் முறை வந்தது. விற்ற பங்கை ஒப்படைத்தல், பிணையாக அடகு வைத்தல் போன்ற குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டுமே இது செல்லும். இதனை வழங்குவது கட்டாயமன்று. வழங்காதவர் விற்கும்போது வைப்பகம் தரும் இரகசிய எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் இட்டு ஒப்புதல் தரலாம். 2025 தொடக்கம் முதல், வாங்கிய பங்குகள் தரகரின் கணக்கைத் தொடாமல் தீர்வு நிறுவனத்திலிருந்து நேரே முதலீட்டாளரின் டிமேட் கணக்கை அடைகின்றன.

கட்டணங்கள்

தரகுக்கட்டணம் இல்லை என்று விளம்பரப்படுத்தப்படும் கணக்கிலும் வரிகளும் பிற கட்டணங்களும் உண்டு. டெலிவரி முறையில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1% பிணையப் பரிவர்த்தனை வரி விதிக்கப்படுகிறது. வாங்கும்போது 0.015% முத்திரைத் தீர்வையும் உண்டு. ஒருவர் 1,00,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி அதே விலைக்கு விற்றால் வரியாக 200 ரூபாயும் முத்திரைத் தீர்வையாக 15 ரூபாயும் செலுத்துகிறார். விலை மாறாத நிலையிலேயே 215 ரூபாய் குறைகிறது. இவற்றுடன் பங்குச் சந்தைக் கட்டணம், டிமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கான கட்டணம், சரக்கு மற்றும் சேவை வரி, கணக்கின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவை சேர்கின்றன. 2024 செப்டம்பர் முதல், 4 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள அடிப்படைச் சேவை டிமேட் கணக்குகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் இல்லை.

இடர்கள்

கணக்குத் தொடங்குவதும் ஆணை இடுவதும் எளிதானமையால் நட்டமடைவதும் எளிதாயிற்று. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93% பேர் நட்டமடைந்தனர். அவர்களது மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டு சூலையில் வெளியான மற்றோர் ஆய்வு, 2022-23 இல் இன்ட்ராடே முறையில் பங்கு வணிகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டமடைந்ததைக் காட்டியது.

தொழில்நுட்பக் கோளாறும் ஓர் இடராகும். 2021 பிப்ரவரி 24 அன்று தேசிய பங்குச் சந்தையில் முற்பகல் 11.40 மணியளவில் வணிகம் நின்று, பிற்பகல் 3.45 மணிக்கே மீண்டும் தொடங்கி 5 மணி வரை நடைபெற்றது. நேர நீட்டிப்பு அறிவிக்கப்படுமுன் தரகர்கள் பலர் வாடிக்கையாளர்களின் இன்ட்ராடே கணக்குகளை மும்பை பங்குச் சந்தையில் முடித்துவிட்டனர்.

போலிச் செயலிகள் அண்மைக்கால இடராகும். இவை உண்மையான தரகு நிறுவனங்களின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி, திரையில் பொய்யான இலாபத்தைக் காட்டுகின்றன. பணத்தைத் திரும்பக் கேட்கும்போது வரி, கட்டணம் என்ற பெயரில் மேலும் பணம் கேட்பது இவற்றின் இயல்பு. இவற்றைத் தடுக்கும் பொருட்டு, பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு 'வேலிட்' என்ற குறிச்சொல் அடங்கிய யூபிஐ முகவரிகளைச் செபி 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. தனிநபர் ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பக் கோரும் எந்தச் செயலியும் முறையான தரகருடையது ஆகாது. உண்மையில் பங்கு வாங்கப்பட்டிருப்பின் அது வைப்பகத்தின் தளத்தில் காணப்படும். போலிச் செயலியில் வாங்கியதாகக் காட்டப்படும் பங்கு அங்கு இராது.

குறைதீர்ப்பு

தரகர் மீதான முறையீட்டை முதலில் தரகரிடமே எழுத்து மூலம் அளிக்க வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் செபி 2011 இல் தொடங்கிய ஸ்கோர்ஸ் எனும் இணையவழி முறையீட்டு அமைப்பை அணுகலாம். 2023 முதல், சமரசம், நடுவர் தீர்ப்பு ஆகிய இரண்டையும் இணையம் வழியே நடத்தும் தனித்தளமும் உள்ளது. முறையீட்டுக்கு ஒப்பந்தக் குறிப்பு, வைப்பக அறிக்கை, வங்கி அறிக்கை ஆகியவை அடிப்படைச் சான்றுகளாகும். ஆதலால் அவற்றைத் தரகரின் மென்பொருளில் மட்டும் விட்டுவைக்காமல் தனியே சேமித்து வைத்தல் நலம்.