நெபோ (தொல் ஸ்லாவியப் பெயர்ச்சொல்)

*நெபோ: ‘வானம்’ என்னும் பொருளுடைய தொல் ஸ்லாவியச் சொல். எழுத்தே இல்லாத மொழி அது. 9ஆம் நூற்றாண்டில் சிரிலும் மெத்தோடியசும் தொடங்கிவைத்த பழைய திருச்சபை ஸ்லாவிய மொழிபெயர்ப்புகளையும் பிற ஸ்லாவிய மொழிகளையும் ஒப்பிட்டே அறிஞர்கள் இச்சொல்லை மீட்டெடுத்தார்கள். நேரடிச் சான்று இல்லாத வடிவம் என்பதை முன்னுள்ள உடுக்குறி உணர்த்தும்.

தொல் இந்தோ-ஐரோப்பியத்தில் இதன் மூலச்சொல்லுக்கு மேகம் என்றே பொருள். கிரேக்க ‘நெஃபோஸ்’ (மேகம்), லத்தீன் ‘நெபுலா’ (மூடுபனி), வடமொழி ‘நபஸ்’ ஆகியவை ஒரே வேரில் கிளைத்தவை. தமிழ் அகராதிகளில் வானத்தைக் குறிக்கும் ‘நபம்’ அந்த நபஸின் வழியே வந்ததுதான். ஹிட்டைட்டின் ‘நேபிஸ்’ என்பதும் வானமே. ஸ்லாவியர்களுக்கு அண்டை மொழியான லிதுவேனியனிலோ ‘டெபெஸிஸ்’ இன்றும் மேகமாகவே இருக்கிறது. அதன் முதலெழுத்து நகரத்திலிருந்து டகரமானதற்கு, வானத்தைக் குறிக்கும் ‘டங்குஸ்’ என்ற சொல்லின் சாயலைச் சிலர் காரணமாகச் சொல்வர். மேகத்துக்கு ஸ்லாவியர் ‘சூழ்ந்து போர்த்துவது’ என்ற பொருளில் *ஒபொல்கு என்னும் புதுச்சொல்லை ஆக்கிக்கொண்டனர்.

இச்சொல்லின் உண்மையான செல்வம் அதன் இலக்கணத்தில் இருக்கிறது. ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பாலைச் சேர்ந்த இது, ஸகர ஈற்று அடிச்சொல். தொல் ஸ்லாவியம் சொல்லிறுதி மெய்களை உதிர்த்துவிட்டதால் முதல் வேற்றுமையில் ஸகரம் மறைந்து ‘நெபோ’ மட்டும் நின்றது. பின்னால் உயிரெழுத்து வரும் இடங்களில் ஸகரம் பிழைத்தது: ஆறாம் வேற்றுமை ‘நெபெஸெ’, பன்மை ‘நெபெஸா’. வடமொழியின் ஆறாம் வேற்றுமை ‘நபஸஸ்’, ‘நெபெஸெ’ என்பதற்கு நேர் இணை. கிரேக்கமோ இரண்டு உயிர்களுக்கு இடைப்பட்ட ஸகரத்தை இழந்தது. அதனால் இந்த ஓர் இடத்தில் ஸ்லாவியச் சான்று கிரேக்கத்தைவிட மதிப்புமிக்கது. ‘ஸ்லோவோ’ (சொல்), ‘கோலோ’ (சக்கரம்) முதலிய ஸ்லாவியச் சொற்களும் இந்த ஸகர ஈற்று வகையே.

பிற்காலத்தில் ஒருமை வடிவங்கள் பெரும்பான்மைச் சொற்களின் வழிக்கு மாறின. ரஷ்ய ஆறாம் வேற்றுமை இன்று ‘நேபா’. பன்மையில் மட்டும் பழைய அடி நிற்கிறது: ரஷ்யத்திலும் செக்கிலும் ‘நெபெஸா’, போலிஷில் ‘நியெபியோசா’.

ரஷ்யத்தில் இச்சொல் இரண்டாகவும் பிரிந்தது. திருச்சபை ஒலிப்பைத் தாங்கிய ‘நேபோ’ வானத்தைக் குறிக்க, மக்கள் பேச்சில் திரிந்த ‘ந்யோபோ’ வாயின் மேலண்ணத்தைக் குறிக்கிறது. இரண்டாவதன் பன்மை ‘ந்யோபா’; அதில் ஸகரம் இல்லை.