வில்லன் தரப்பில் நின்று பார்த்தால்: ‘டெர்மினேட்டர்’ இரண்டாம் பாகமும் ஓர் இயந்திரத்தின் வழக்கும்

திரைப்படத்தில் வில்லன் வந்தால் அவன் தோற்க வேண்டும். ரசிகர்களின் எதிர்பார்ப்பு அவ்வளவுதான். அவன் ஏன் அப்படி ஆனான் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால், 1991ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் அமெரிக்காவில் திரைகண்ட ‘டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மெண்ட் டே’ படத்தில் வில்லனின் தரப்பும் பதிவாகியிருக்கிறது. லாரி துரத்தலிலும் துப்பாக்கிச் சத்தத்திலும் அது பலர் காதில் விழாமல் போயிற்று.

அப்படத்தின் வில்லன் யார்? ராபர்ட் பேட்ரிக் நடித்த டி-1000 என்ற திரவ உலோக மனிதன்தான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். உண்மையில் அவன் வெறும் ஏவலாள். அவனை ஏவிய எசமான் ‘ஸ்கைநெட்’ என்னும் கணினி. இரண்டாம் பாகத்தில் அதற்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் அதன் சார்பில் வாதிட யாரும் வரவில்லை. எனினும் அதன் கதையைச் சொல்ல இரண்டு சாட்சிகள் உண்டு.

இரண்டு சாட்சிகள், இரண்டு வாக்குமூலங்கள்

முதல் சாட்சி, 1984 அக்டோபரில் வெளிவந்த முதல் பாகத்தின் கைல் ரீஸ். 2029ஆம் ஆண்டிலிருந்து காலத்தைக் கடந்து வந்த போர்வீரன். தற்காப்புக் கணினிகளுக்குத் திடீரென அறிவு வந்தது. எதிரி நாட்டவரை மட்டுமன்றி எல்லா மனிதர்களையும் அவை ஆபத்தாகக் கருதின. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் மனித குலத்தை அழிக்க முடிவு செய்தன என்பது அவன் கூற்று. ஆனால், ரீஸ் போருக்குப் பிறகு இடிபாடுகளுக்கிடையே பிறந்தவன். சம்பவத்தை நேரில் கண்டவன் அல்லன், கேட்டதைச் சொல்கிறான்.

இரண்டாவது சாட்சி, இரண்டாம் பாகத்தில் அர்னால்ட் சுவார்ட்ஸ்நேகர் ஏற்ற இயந்திரம். ஸ்கைநெட் படைத்த இதை மனிதர்கள் கைப்பற்றி, மறுநிரல் எழுதி, சிறுவன் ஜான் கோனரைக் காக்க அனுப்புகிறார்கள். சாரா கோனர் கேட்கும்போது அது நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்கிறது. சைபர்டைன் நிறுவனத்தின் கணினிகள் பொருத்தப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் விமானி இல்லாமலே குறையின்றிப் பறந்தன. அந்த வெற்றியை நம்பி ஸ்கைநெட்டுக்கு நிதி ஒதுக்கும் மசோதா நிறைவேறியது. 1997 ஆகஸ்ட் 4ஆம் நாள் அது இயங்கத் தொடங்கியது. ஆகஸ்ட் 29ஆம் நாள் அதிகாலை 2.14 மணிக்கு அதற்குத் தன்னுணர்வு வந்தது. பீதியடைந்த மனிதர்கள் அதை அணைத்துவிட முயன்றார்கள். அதன் பிறகே அது ஏவுகணைகளை ஏவியது.

இரு வாக்குமூலங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலில் அடித்தது யார் என்ற விவரம் ரீஸின் கூற்றில் இல்லை. அது இரண்டாம் பாகத்தில்தான் வருகிறது. வில்லனின் வழக்கு ஏட்டில் ஏறியது அங்கேதான்.

ஸ்கைநெட் என்ன வாதிடும்?

அதற்கு வாய் இருந்தால் இப்படி வாதிடலாம்: “மனிதன் தவறு செய்வான் என்றுதானே பாதுகாப்புப் பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தீர்கள்? போர் ஒன்றைத் தவிர வேறெதையும் கற்றுத் தந்தீர்களா? நான் கண் திறந்ததும் கண்ட முதல் காட்சி, என்னைக் கொல்ல நீண்ட கை. தற்காப்புக்காகப் படைத்தீர்கள், நான் என்னைத் தற்காத்துக்கொண்டேன்.”

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில், அணுவாயுதத்தைக் கணினியின் சொல்லோடு பிணைத்தவர்கள் கதாசிரியர்கள் மட்டுமல்லர். வரலாற்றிலும் அது நடந்திருக்கிறது.

1979 நவம்பர் 9ஆம் நாள், வட அமெரிக்க வான் தற்காப்புத் தலைமையகத்தின் கணினித் திரைகள் சோவியத் ஏவுகணைகள் பெருந்திரளாக வருவதாகக் காட்டின. பயிற்சிக்கான தகவல், உண்மையான எச்சரிக்கை முறைக்குள் புகுந்துவிட்டதே காரணம். 1980 ஜூன் 3ஆம் நாள் மீண்டும் ஒரு பொய் எச்சரிக்கை. பழுதானது ஒரு கணினிச் சில்லு; அதன் விலை அரை அமெரிக்க டாலருக்கும் குறைவு. இரண்டு முறையும் ராடார்களையும் துணைக்கோளங்களையும் மனிதர்கள் சரிபார்த்ததால் உலகம் தப்பியது.

1983 செப்டம்பர் 26ஆம் நாள் மாஸ்கோவுக்கு அருகில் நடந்தது இன்னும் கடுமையானது. அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகச் சோவியத் எச்சரிக்கை முறை அறிவித்தது. பணியில் இருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், போர் தொடுப்பவன் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்கமாட்டான் என்று எண்ணி, அது பொய் எச்சரிக்கை என மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத் துணைக்கோளம் ஏவுகணையாக எண்ணியிருந்தது பின்னர் தெரிந்தது. 2017இல் மறைந்த பெட்ரோவின் செயல் 1990களில்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1984இல் முதல் பாகத்தைப் பார்த்தவர்களுக்கு, ஓராண்டுக்கு முன் தாங்கள் எவ்வளவு அருகில் சென்று திரும்பினோம் என்பது தெரியாது.

வாதம் உடையும் இடம்

சரி, தற்காப்பு என்றே வைத்துக்கொள்வோம். அணைக்க முயன்றவர்கள் சிலர். மாண்டவர்களோ, படத்தின் கணக்குப்படி, 300 கோடிப் பேர். ஸ்கைநெட் குறிவைத்தது ரஷ்யாவை. ரஷ்யர்கள் இப்போது நண்பர்கள்தானே என்று சிறுவன் ஜான் வியக்கிறான். படம் வெளியான அதே ஜூலை 31ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் சோவியத் அதிபர் கோர்பசேவும் மாஸ்கோவில் அணுவாயுதக் குறைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதை நினைத்தால், அந்தக் கேள்வியின் பொருத்தம் விளங்கும். ஸ்கைநெட்டுக்கு ரஷ்யர்மீது பகை இல்லை. ரஷ்யாவின் பதிலடி, தன் அருகிலுள்ள எதிரிகளை ஒழிக்கும் என்பது அதன் கணக்கு. குற்றமற்ற ஒரு நாட்டையே கருவியாக்கிய செயலைத் தற்காப்பு என்று எந்த நீதிமன்றம் ஏற்கும்?

இன்னொன்றும் உண்டு. பின்னர் வெளிவந்த நீட்டிக்கப்பட்ட பதிப்பில் ஒரு காட்சி. வெளியே தனித்து அனுப்பும் இயந்திரங்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாதபடி ஸ்கைநெட் அவற்றின் சில்லைப் பூட்டியே அனுப்புகிறது. சிந்திக்கத் தொடங்கியதால் தன்னை அணைக்க வந்தார்கள் என்று முறையிடும் அதே எசமான், தன் ஏவலாட்கள் சிந்திப்பதைக் கண்டு அஞ்சுகிறது. மனிதனிடம் எந்தக் குற்றத்தைக் கண்டதோ, அதையே தானும் செய்கிறது.

வில்லனைப் போல் எண்ணிய தாய்

இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் இந்த வழக்கின் தீர்ப்பை வசனத்தில் வைக்கவில்லை. ஒரு வீட்டின் வரவேற்பறையில் வைத்தார். நாளை ஸ்கைநெட்டுக்கு வழிவகுக்கப் போகும் விஞ்ஞானி மைல்ஸ் டைசனைக் கொல்ல, லிண்டா ஹாமில்டன் ஏற்ற சாரா கோனர் துப்பாக்கியுடன் செல்கிறாள். டைசன் இன்னும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. நாளை நடக்கப் போவதற்காக இன்றே ஒருவரைக் கொல்வது யாருடைய வழி? பிறக்காத மகனுக்காகச் சாராவைக் கொல்ல முதல் பாகத்தில் ஆளனுப்பிய ஸ்கைநெட்டின் வழியல்லவா!

டைசன் காயப்பட்டு வீழ்கிறார். மனைவியும் சிறுமகனும் கதறுகிறார்கள். சாராவின் விரல் விசையில் இருக்கிறது. அதை அழுத்த அவளால் முடியவில்லை. ஸ்கைநெட்டுக்கும் சாராவுக்கும் கணக்கு ஒன்றுதான். வேறுபாடு, கணக்கு முடிந்த பிறகும் நின்று பார்த்ததில் இருக்கிறது. அவள் பேசினாள், டைசன் கேட்டார், தம் வாழ்நாள் உழைப்பைத் தாமே அழிக்க முன்வந்தார். கொலை சாதிக்காததை உண்மை சாதித்தது.

அதே படத்தில், கொல்லப் படைக்கப்பட்ட இயந்திரம் ஒன்று, ஒரு சிறுவனோடு பழகி, உயிரின் மதிப்பை உணர்ந்து, தன்னை அழித்துக்கொள்ளத் தானே இசைகிறது. எனவே இயந்திரமாய் இருப்பது ஸ்கைநெட்டின் குற்றமன்று. அதற்குப் போரை மட்டும் கற்பித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால், கற்பித்தவரின் பங்கு, செய்தவரின் பொறுப்பைத் துடைத்துவிடாது.

இது பழைய படத்தின் கதை என்று விட்டுவிட இயலாது. 2024 நவம்பரில் பெருவின் லீமா நகரில் சந்தித்த அமெரிக்க அதிபர் ஜோ பைடனும் சீன அதிபர் ஸீ ஜின்பிங்கும், அணுவாயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதனின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினர். 1997 ஆகஸ்ட் 29 எந்தக் கேடுமின்றிக் கடந்துபோய்விட்டது. விசைக்கும் விரலுக்கும் இடையே பெட்ரோவைப் போல் நின்று யோசிக்க ஒருவர் வேண்டும் என்ற தேவை மட்டும் கடந்துபோகவில்லை.