கம்பளியும் படங்கும்: குளிருக்கு எழுதிய கடன்



போன கிழமை வகுப்பில், பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், தண்ணிக்குள்ள போய்ப் பார்க்க ஏலாதா? குளிர்ல விறைச்சிருவாங்களா?" என்று கேட்டது. பதில் தேடி வீட்டில் இருந்து வாசித்தேன். வாசித்தது என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

குளிர் நாடுகளில் ஆழத்துக்கு இறங்குபவர்கள் தண்ணீர் உள்ளே வராத ஓர் உடுப்புப் போடுகிறார்கள். அதை டிரைசூட் என்கிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான றப்பர் பட்டி இருக்கும். ஆனால் அந்த உடுப்பு சூடு தருவதில்லை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெளி உடுப்பு தண்ணீரைத் தடுக்க மட்டும்தான். சூட்டைக் காப்பது உள்ளே போடுகிற கம்பளி உடுப்பும் அதற்குள் தங்கி நிற்கிற காற்றும். ஆழம் கூடக் கூட அந்தக் காற்று நசுங்கும், குளிர் ஏறும். அதனால் சிறு போத்தலிலிருந்து உடுப்புக்குள் வாயு விடுகிறார்கள். மிக ஆழத்துக்குப் போகிறவர்கள் சுவாசிப்பது ஹீலியம் கலந்த வாயு. அது உடுப்புக்குள் போனால் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் உடுப்புக்கு மட்டும் ஆர்கன் வைத்திருக்கிறார்கள்.

இதன் தொடக்கமும் பழையதுதான். இரண்டு துணிகளுக்கு நடுவில் றப்பர் பூசி நீர் புகாத துணி செய்யும் முறைக்கு சார்ள்ஸ் மக்கின்டொஷ் 1823இல் காப்புரிமை எடுத்தார். 1830களில் அகஸ்டஸ் சீபே அந்த மாதிரித் துணியில் தலைக்கவசத்தோடு சுழியோடி உடுப்புச் செய்தார். 1839இலிருந்து இங்கிலாந்துக் கரையில் மூழ்கிக் கிடந்த ரோயல் ஜோர்ஜ் கப்பலில் வேலை செய்த சுழியோடிகள் அப்படியான உடுப்போடுதான் இறங்கினார்கள். உள்ளே போட்டது தடித்த கம்பளி.

உள்ளே கம்பளி, வெளியே நீர் புகாத ஒன்று. இதை வாசித்தபோது காலைப் பெரட்டுக்குப் போகிற நம் தாய்மார்தான் கண்ணுக்குள் வந்தார்கள். தலையில் மடித்துப் போட்ட கம்பளி, இடுப்பில் கட்டிய படங்கு. இப்போது படங்கு றப்பர் சீட்டாகவும் பொலித்தீனாகவும் மாறிவிட்டது. முன்பு அது வெறும் சணல் சாக்கு. சாக்கு தண்ணீரைத் தடுக்காது, குடித்து வைத்துக்கொள்ளும். அதாவது சுழியோடிக்கு இருந்த இரண்டில் ஒன்று நம்மவர்களுக்கு இருக்கவில்லை. துரைமாருக்கோ மக்கின்டொஷ் துணியில் மழைக்கோட்டு இருந்தது.

கம்பளிநூலில் ஒரு விசேஷம் உண்டு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரப்பதத்தை உள்வாங்கினாலும் தொட்டால் நனைந்த மாதிரித் தெரியாது. நனைந்த பருத்தித் துணியைப் போல உடம்போடு ஒட்டி உயிரை வாங்காது. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து வெயிலில் பிறந்தவர்கள், சுமார் 4,000 அடி உயரத்தில், தென்மேற்குப் பருவமழையில் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஹட்டனுக்கு ரயில் வந்ததே 1884இல்தான். அதற்கு முன் வந்தவர்கள் மன்னார்ப் பக்கத்திலிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலை ஏறினார்கள். பலருக்கு உடம்பில் இருந்தது ஒற்றை வேட்டியும் சேலையும்தான்.

அந்தக் கம்பளி தர்மமாகக் கிடைத்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். வழிச்செலவு, அரிசி, சட்டிபானை, கம்பளி எல்லாம் கங்காணியின் கணக்கில் முன்பணமாக ஏறின. தொழிலாளி வேலைக்கு இறங்குமுன்பே கடன்காரர். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். இந்தக் கடனைக் கட்டினால் இவரை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. புதுத் துரை பணத்தைக் கட்டுவார், கடன் ஆளோடு சேர்ந்து அடுத்த தோட்டத்துக்கு நகரும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இது நடந்தது. குளிர் தாங்க வாங்கிய கம்பளி கிழிந்த பிறகும் அதன் விலை கணக்கில் உயிரோடு இருந்திருக்கும்.

இதில் எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. மலையக நகரங்களில் புடவைக்கடை வைத்தவர்களில் முஸ்லிம்கள் கணிசம். என் வாப்பாவின் வாப்பா துணி மூட்டையோடு லயம் லயமாகப் போனவர். சம்பள நாளில் தோட்டத்து வாசலில் நிற்பார். அவருடைய கடன் கொப்பி ஒன்று வீட்டில் இருந்தது. சின்ன வயதில் நான் அதில் கணக்குப் படித்தேன். "கம்பளி 1, பாக்கி" என்று பல பெயர்களுக்கு நேரே எழுதியிருந்தது. சில பாக்கிகளை அவரே கோடு போட்டு வெட்டியிருந்தார். செத்துப் போனவர்களா, இரக்கப்பட்டாரா என்று வாப்பாவுக்கும் தெரியாது. அந்தக் கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது. நான் பாதுகாத்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட பிள்ளையின் பாட்டியிடம் ஒரு பழைய கம்பளி இருக்கிறதாம். அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட்டுக் காயப்போட்டு, இன்னும் புகை வாசம் போகவில்லையாம். வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இருந்தால் ஒரு படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்று கீழே எழுதிப் போடுங்கள்.